மாத்தளைத் தெருவில் தாளமும் சுவையும்

உணவுக்கும் இசைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. கலியாண வீட்டில் நாதசுவரம் ஓயுமுன்பே பந்தி விரிப்பதும், திருவிழாவில் மேளக் கச்சேரி முடிந்த கையோடு சனங்கள் அன்னதான மடத்தை நோக்கி நடப்பதும் நமக்குப் பழகிய காட்சிகள். செவிக்கும் உணவு உண்டு என்று கண்ட நம் முன்னோர், வயிற்றுக்கு இடும் வேளையில் செவியைப் பட்டினி போட்டாரல்லர்.

ஆயினும், இசையையும் உணவையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, அந்தச் சேர்க்கையையே பெரிய வியாபாரமாக்கி உலகெங்கும் பரப்பியவர்கள் மேல்நாட்டார். 1971ஆம் ஆண்டு லண்டன் மாநகரில், ஹைட் பார்க் முனைக்கு அருகே, ஐசக் டிக்ரெட், பீட்டர் மோர்ட்டன் என்னும் அமெரிக்க இளைஞர் இருவர் 'ஹார்ட் ராக் கஃபே' என்ற உணவு விடுதியைத் திறந்தார்கள். தங்கள் நாட்டுப் பர்கர் லண்டனில் வாயில் வைக்கும்படியாகக் கிடைக்கவில்லை என்பது அவர்களது குறை. சில ஆண்டுகளில் எரிக் கிளாப்டன் என்னும் புகழ்பெற்ற கித்தார் வித்துவான் தமது கித்தார் ஒன்றைக் கொடுக்க, அது சுவரில் மாட்டப்பட்டது. அதைக் கண்டு பீட் டவுன்ஷெண்ட் என்னும் மற்றொரு வித்துவானும் தம்முடையதை அனுப்பிவைத்தார். அன்று தொட்டு அவ்விடுதியின் கிளைகளில் எல்லாம் வாத்தியங்களும், பாடகர் அணிந்த சட்டைகளும், இசைத்தட்டுகளும் சுவர்களை அடைத்துக்கொண்டன. பர்கரும் வளர்ந்தது. 2019இல் அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டிப் பரிமாறும் அளவுக்கு அதன் ஆடம்பரம் ஏறியது! டிக்ரெட் பின்னாளில் சத்திய சாயி பாபாவின் அடியவராகித் தமது பங்கை விற்றதும், 1991இல் புட்டபர்த்தியில் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனைக்குப் பெருந்தொகை வழங்கியதும் எம் வாசகர் பலர் அறியாத செய்திகளாக இருக்கலாம்.

சென்ற விடுமுறையில் எமது மாணவர் நால்வருடன் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் பிரயாணஞ் செய்தபோது இவ்விடுதியைப் பற்றிய பேச்சு எழுந்தது. கைத்தொலைபேசியில் பர்கரின் படங்களைப் பார்த்து வாயூறிக்கொண்டிருந்த ஒருவன், "இசை முழங்க முழங்க உண்ணும்படி அப்படியோர் இடம் எங்கள் நாட்டில் உண்டா, சேர்?" என்று கேட்டான்.

"உண்டு. ஆனால் அங்கே சுவரில் வாத்தியம் மாட்டியிராது, மதுவும் கிடையாது. இன்றிரவு மாத்தளையில் காண்பாய்" என்று கூறிவைத்தோம்.

நால்வரில் ஒருவன் மாத்தளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவன். மற்ற மூவரும் ஆவலோடு வினாக்களை அடுக்க, அவன் மட்டும் எதுவும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். வன்னியைக் கடந்து மதவாச்சியை அடைந்ததும், மன்னாரிலிருந்து வரும் வீதி அதனோடு வந்து கலக்கிறது. அவ்விடத்திலிருந்து தெற்கே செல்லும் பாதை சாதாரணப் பாதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்து ஏழைக் குடும்பங்கள் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து, மாத்தளையை நோக்கி நடந்தது பெரும்பாலும் இதே திசையில்தான். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு மாத்தளை ஒரு வாயிலாக இருந்தது. வாந்திபேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். மாண்டவரை வழியோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் ஒரு நடைபவனி தொடங்கியது. ஓகஸ்ட் 12ஆம் நாள் அது நிறைவெய்திய ஊரும் மாத்தளையே.

தம்புள்ளையில் மாத்தளை மாவட்டம் எம்மை வரவேற்றது. குகைக் கோயிலைக் காணவும் அருகேயுள்ள சிகிரியாவில் ஏறவும் வரும் உல்லாசப் பிரயாணிகள் ஒருபுறம். 1999இல் தொடங்கிய பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டைகளை ஏற்றி இறக்கும் உழைப்பாளிகள் மறுபுறம். மலைநாட்டு லீக்ஸும் கரட்டும் கோவாவும் வடக்கே போகும் லொறிகளுக்காக அங்கே குவிந்து கிடந்தன. இம்மூன்று மரக்கறிகளையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டுகிறோம். சற்று நேரத்தில் மீண்டும் சந்திப்போம்.

தம்புள்ளைக்குத் தெற்கே காற்று மாறுகிறது. திராவிடச் சாயலில் கல்லால் எழுந்த நாலந்தா கெடிகே ஒருபால் அமைதியாக நிற்க, வீதியின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரத் தொடங்குகின்றன. மிளகுக் கொடிகள் மரங்களைத் தழுவி ஏறுகின்றன. சாதிக்காய், கராம்பு, ஏலம், கறுவா, வனிலா, கொக்கோ எல்லாம் ஒரே வேலிக்குள் வளர்கின்றன. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த மறைகளை ஏட்டில் எழுதிவைத்த இடம் என்று போற்றப்படும் அலுவிகாரையைக் கடந்தால் மாத்தளை நகரம் கண்ணுக்குத் தெரிகிறது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நீல மதிலைப்போல் நிற்கிறது. கண்டியிலிருந்து 1880இல் வந்த புகையிரதப் பாதை இந்நகரோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை.

நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோயிலின் இராசகோபுரம் 108 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. நடந்து வந்த சனங்கள் வழித்துணையாகக் கும்பிட்ட அம்மனுக்குப் பின்னாளில் எழுந்த கோயில் இது. மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீதிவலம் வருவது இவ்வூரின் பெருமை. 1983ஆம் ஆண்டு வன்செயலில் கோயில் பெருஞ்சேதம் அடைந்தது. அடியவர்கள் தளராமல் அதனை மீண்டும் எழுப்பினார்கள். அந்திப் பூசையைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மழை தூறி ஓய்ந்திருந்தது. தெரு விளக்குகள் ஈரத் தரையில் மினுங்கின.

அப்பொழுது அந்த ஓசை கேட்டது.

முதலில் தொலைவில், இரும்பின்மேல் இரும்பு தட்டும் ஒலி. பின்னர் அது இரண்டு கைகளின் ஒலியாகப் பிரிந்தது. வலது கை வினவ, இடது கை விடை சொல்வதுபோல் மாறி மாறி விழுந்த அடிகள் சிறிது சிறிதாக நெருங்கி, ஒரே சரமாகி, சட்டென்று நின்றன. மறுகணம் தெருவின் மறுகோடியில் வேறொரு கடையிலிருந்து வேறொரு நடையில் அதே ஒலி கிளம்பிற்று.

"கொத்து!" என்றான் பர்கர்ப் படம் பார்த்த மாணவன், சற்று ஏமாற்றத்தோடு. "இதையா, சேர், காட்டுவதாகச் சொன்னீர்கள்? இது எங்கள் ஊரிலும் இருக்கிறதே!"

இருக்கிறதுதான். கொத்து ரொட்டி இன்று இலங்கையின் எந்த நகரிலும் இரவு உணவாகக் கிடைக்கிறது. தமிழர் கடையிலும், முஸ்லிம்கள் கடையிலும், சிங்களவர் கடையிலும் அதே ஓசைதான். கிழக்குக் கரையில் 1960கள், 1970களின் காலத்தில் அது தோன்றியது என்று பலரும் சொல்வர். மீந்துபோன ரொட்டியை வீணாக்காமல் குழம்போடு சேர்த்துக் கொத்தியதே அதன் பிறப்பு என்பது கடைக்காரர் வாய்மொழி. மதுரை முதலிய ஊர்களில் கொத்து பரோட்டா என்னும் அதன் உறவினரைக் கண்டோர் பலர். எம் பாட்டன்மார் காலத்து ஆட்களுக்குக் 'கொத்து' என்றால் அரிசி அளக்கும் அளவை. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அச்சொல் ஓர் உணவின் பெயராகிவிட்டது. எங்கும் கிடைக்கும் ஒன்றை எவரும் நின்று பார்ப்பதில்லை. நின்று பார்க்கவே மாணவர்களை அழைத்துச் சென்றோம்.

நாம் புகுந்தது சிறியதொரு சைவக் கடை. ஆறு மேசைகள், சுவரில் பிள்ளையார் படமும் ஒரு நாட்காட்டியும். வாசலில், தெருவைப் பார்த்தபடி, தடித்த இரும்புக் கல் ஒன்று எரிவாயு அடுப்பின்மேல் கிடந்தது. அதன் பின்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். மெலிந்த உடல், தோள்கள் மட்டும் அந்த உடலுக்குச் சொந்தமில்லாதவைபோல் திரண்டிருந்தன.

ஐந்து மரக்கறிக் கொத்துக்குச் சொல்லிவிட்டுக் கல்லருகே நின்று கவனித்தோம். கோதுமை மாவும் உப்பும் நீரும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, உருண்டைகளாக்கி, எண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய சேலைபோல் வீசிச் சுட்ட ரொட்டிகள் ஏற்கெனவே அடுக்கியிருந்தன. கல்லில் எண்ணெய் விட்டு வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டார். தம்புள்ளையில் மூட்டையாகக் கண்ட லீக்ஸும் கரட்டும் கோவாவும் இங்கே நறுக்கிய குவியலாக வந்து விழுந்தன. அவை வதங்கியதும் ரொட்டித் துண்டுகள். அவற்றின்மேல் மிளகும் கறுவாவும் ஏலமும் மணக்கும் குழம்பு. பின்னர் இரண்டு இரும்புத் தகடுகளைக் கையில் எடுத்தார். அவற்றின் விளிம்பு கூரானதன்று, மொண்ணையானது. அறுப்பது கூர்மையன்று, எடையும் வேகமுமே அறுக்கின்றன.

ஒலியின் காரணத்தை அப்போது கண்டோம். ரொட்டி குவியலாக இருக்கும்போது தகடு அதற்குள் புதைகிறது, ஓசை மந்தமாகிறது. துண்டுகள் சிறுத்துப் பரவப் பரவத் தகடு நேரே கல்லைத் தொடுகிறது; ஓசை கணீரென்கிறது. ஆகவே, எவ்வளவு கொத்துப்பட்டிருக்கிறது, எங்கே குழம்பு சேரவில்லை, எப்போது நிறுத்தவேண்டும் என்பதையெல்லாம் அவர் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் அறிகிறார். எம்மோடு பேசுகையில் அவரது பார்வை எம்மீது இருந்தது. கைகள் தம்பாட்டில் வேலை செய்தன. சுருதி பார்க்கும் வித்துவான் தலையைச் சாய்ப்பதுபோல், இடையிடையே அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அடுத்து நடையைக் கவனித்தோம். தொடக்கத்தில் விளம்ப காலம். நான்கு நான்காக விழும் சதுஸ்ரம். குழம்பு ஊற்றியதும் மும்மூன்றாகத் திஸ்ரத்துக்குத் தாவினார். ஈற்றில் துரித காலம். முடிக்கும் தறுவாயில் ஒரே சொற்கட்டை மும்முறை அடித்து, மிருதங்க வித்துவான் தீர்மானம் வைப்பதுபோல் நிறுத்தி, தகட்டால் கொத்தை வாரித் தட்டில் கவிழ்த்தார். மாணவருள் மிருதங்கம் பயில்பவன் ஒருவன் இருந்தான். அவன் தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இது இசையா, வெறும் சத்தமா?" என்ற வாதம் அங்கேயே தொடங்கிவிட்டது. "வேலை செய்யும்போது சத்தம் வருகிறது, அவ்வளவுதான்" என்றான் ஒருவன்.

அவனுக்கு நாம் சொன்னது இது: மானாமதுரையில் வனையும் மண்பானைதான் கச்சேரி மேடையில் கடமாகிறது. தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களே ஜலதரங்கமாகின்றன. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தோரின் சந்ததியார் தோற்பறை அடிப்பதை 1880களில் ஆங்கில அரசு தடைசெய்தது. அவர்கள் மூங்கிற் கழிகளைத் தட்டினார்கள். பின்னர் 1930களிலும் அதனை அடுத்தும் உலோகப் பாத்திரங்களையும், பயன்முடிந்த எண்ணெய்ப் பீப்பாய்களையும் தட்டித் தட்டிச் சுரம் எழுப்பினார்கள். அதுவே இன்று அந்நாட்டின் தேசிய வாத்தியமாகப் போற்றப்படுகிறது. உழைக்கும் மக்கள் கைக்கு எட்டியதைக்கொண்டு இசை செய்வது புதுமையன்று. அதை இசையென்று ஒப்புக்கொள்வதற்குத்தான் உலகத்துக்கு நாட்செல்கிறது.

எமது பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கொத்துக்காரர் எம்மைத் தாண்டி வாசலை நோக்கினார். மலையக மாணவன் இன்னும் படியேறாமல் வெளியிலேயே நின்றான்.

"என்ன மருமகனே, ஏன் வெளியிலயே நிக்கிற? ஐயா எல்லாம் உள்ள இருக்காங்க, நீ உள்ள வா" என்றார் அவர்.

மாணவர் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மெல்ல உள்ளே வந்து, "எங்கட மாமா, சேர். அம்மாவின் தம்பி" என்றான். பிறகு தன் நண்பர்களைப் பார்த்து, "என் படிப்புச் செலவு முழுவதும் இவர் கொடுத்ததுதான்" என்று மெதுவாகச் சொன்னான். அவன் இரண்டு ஆண்டுகளாக ஒரே அறையில் அவர்களோடு வசிப்பவன். இதை அவன் சொன்னது அன்றுதான் முதல்முறை.

மிருதங்கம் பயில்பவன் சட்டென்று எழுந்து, "ஐயா, நீங்கள் எங்கே தாளம் பழகினீர்கள்?" என்று கேட்டான். கொத்துக்காரர் சிரித்தார்.

"பழகுறதா? எங்க அப்பா தோட்டத்துல தப்பு அடிச்சவர். விடியக்காலம் பிரட்டுக்கு ஆள் கூப்பிட அவர்தான் அடிப்பார். மாசி மாசம் காமன் கூத்துக்கு இப்பவும் நான்தான் அடிக்கிறேன். லீவு கேட்டுட்டுப் போயிடுவேன். முதலாளியும் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

'பிரட்டு' என்பது தோட்டத்துச் சொல். தொழிலாளரைக் காலையில் ஒன்றுகூட்டி வேலைக்குப் பிரித்தனுப்பும் களத்தை அவர்கள் பிரட்டுக்களம் என்பார்கள். இருள் பிரியுமுன் அக்களத்திலிருந்து எழுந்த தப்பின் ஓசையைக் கேட்டே தலைமுறை தலைமுறையாக மலைநாடு கண்விழித்தது. அதே தப்புத்தான் திருவிழாவில் கூத்துக்கும், இறுதியில் சாவுக்கும் ஒலித்தது. அடிப்பவனை இழிந்தவன் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, அவன் அடிக்கும் ஓசையின்றி எந்தச் சடங்கையும் நடத்தத் தெரியாதது நமது சமூகம். வடக்கில் பிறந்த நமக்கும் இதில் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அம்மக்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு மலையகத்தில் 'லயம்' என்று பெயர். ஆங்கிலச் சொல் நாவில் திரிந்து இப்படியாயிற்று. பத்தடி அறையில் ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிய கூடத்துக்கு, இசையின் உயிராகிய லயத்தின் பெயரே வாய்த்தது தற்செயல்தான். ஆயினும் அன்றிரவு அந்தத் தற்செயல் எமக்குப் பொருளுள்ளதாகத் தோன்றிற்று.

ரொட்டிக்கும் அவ்வாறே ஒரு கதை உண்டு. தடித்த கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தோட்டத் தொழிலாளியின் உணவு. மலையேறிக் கொழுந்து பறிப்போருக்கு நெடுநேரம் பசி தாங்குவது அதுவே. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, 1964இல் இரு நாட்டு ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்டு நின்ற அந்த மக்களுக்கு, 1973, 1974ஆம் ஆண்டுகளில் அந்த ரொட்டிக்கான மாவும் போதிய அளவு கிட்டவில்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1980இல் திருகோணமலையில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியபின் கோதுமை மா நாடெங்கும் தாராளமாயிற்று. ரொட்டிக் கடைகளும் பெருகின. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்காகி, எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் காத்துக்கிடந்தபோது, இதே கல் பல இரவுகள் குளிர்ந்து கிடந்தது என்றார் கொத்துக்காரர். "சத்தம் இல்லாத தெருவைப் பார்க்கவே பயமா இருந்துச்சு" என்பது அவர் வாக்கு.

இன்று கொத்தும் ஆடம்பரத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாலாடைக் கட்டியை உருக்கி ஊற்றிய சீஸ் கொத்து, இடியப்பக் கொத்து, புட்டுக் கொத்து, டொல்பின் கொத்து என்று வகைகள் பெருகிவிட்டன. (டொல்பின் கொத்தில் டொல்பின் மீன் இல்லை என்பதைச் சைவ நேயர்கள் மட்டுமன்றி அசைவ நேயர்களும் அறிந்து ஆறுதல் கொள்க!) உல்லாச விடுதிகளில் வெள்ளைப் பீங்கானில் சிறு மலைபோல் குவித்து, மேலே கீரைத் தழை வைத்துப் பரிமாறுகிறார்கள். விலையும் மலைபோல்தான். ஆனால் அங்கே சமையற்கட்டு எங்கோ உள்ளே இருக்கிறது. உண்பவர் செவிக்கு அடியோசை எட்டுவதில்லை.

பர்கரின் கதையும் இதுவே அல்லவா? ஜெர்மனியின் ஹம்பர்க் நகரின் பெயரைத் தாங்கிய அந்த இறைச்சி, அமெரிக்க நகரங்களில் தொழிலாளர் நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்கு ஓடுவதற்காக ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கப்பட்டது. ஏழையின் உணவு சுவையாக இருந்தால் செல்வன் அதைத் தேடி வருகிறான். வந்தபின் அதற்குப் பட்டும் பொன்னும் போர்த்துகிறான். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. உணவு எல்லோருக்கும் பொது. வருந்தத்தக்கது வேறொன்று. உணவுக்குக் கிடைத்த மரியாதை, அதைச் செய்த கைக்குக் கிடைப்பதில்லை.

லண்டன் விடுதியில் வாத்தியங்கள் சுவரில் மாட்டப்பட்டு மௌனமாகியிருக்கின்றன. அவற்றை வாசித்தோரின் பெயர்கள் கீழே பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாத்தளையில் வாத்தியம் இரவு தோறும் ஒலிக்கிறது. வாசிப்பவரின் பெயரைக் கேட்பார் இல்லை. ஒரு மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை ஆயிரமாயிரம் அடிகள். தோளும் மணிக்கட்டும் இரவில் நோகும் என்றார் எம் நண்பர். தம் மகனுக்கு இத்தொழில் வேண்டாம் என்பதும் அவர் விருப்பம். அதைக் குறை கூற எமக்கு உரிமையில்லை. ஆனால் இத்தொழில் வேண்டாம் என்பது ஒன்று. இத்தொழிலால் வளர்ந்தேன் என்று சொல்ல நாணுவது மற்றொன்று. முதலாவது தந்தையின் ஆசை. இரண்டாவது, நாம் எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளின் மனத்தில் இட்ட பாரம். பள்ளிக்கூடப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்னும் கட்டத்தை நிரப்பும்போது எத்தனை பிள்ளைகளின் பேனா தயங்கி நிற்கிறது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிவார்கள். அத்தயக்கத்தைப் போக்குவது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆயினும் அது எமது வேலைதான்.

உண்டு முடித்து, தேநீர் பருகி எழுந்தோம். அதற்குள் மலையக மாணவன் மாமாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பிரட்டுத் தப்பின் அடி எப்படி, கூத்துத் தப்பின் அடி எப்படி என்று நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மாமா இரண்டு தகடுகளால் வெறுங்கல்லில் அவற்றை அடித்துக்காட்டினார். மிருதங்கக்காரன் தகடுகளை வாங்கித் தானும் முயன்றான். நான்கு அடிக்குமேல் நடை நிற்கவில்லை. தகடு கையிலிருந்து நழுவிற்று. "கனம் தெரியுதா, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கொத்துக்காரர் அவற்றைத் திரும்ப வாங்கினார். வாசலில் அடுத்த வாடிக்கைக்காரர் வந்து நின்றார். அடுத்த கொத்தின் ஓசை தொடங்கியது.

மாத்தளைக்குச் செல்லும் அன்பர்கள் பகலில் அம்மனைத் தரிசியுங்கள், அலுவிகாரையைப் பாருங்கள், வாசனைத் தோட்டங்களில் ஒரு சாதிக்காயை முகர்ந்து பாருங்கள். ஆனால் இருட்டியதும் ஊரைவிட்டுப் புறப்பட்டுவிடாதீர்கள். தெருவில் நடந்து, எந்தக் கடையின் நடை உங்கள் செவிக்குப் பிடிக்கிறதோ அங்கே நில்லுங்கள். பிள்ளைகளையும் கல்லருகே நிற்க விடுங்கள். எண்ணெய் தெறிக்காத தூரத்தில் நின்றால் போதும். ஓசை மந்தமாயிருந்து கணீரென்று மாறும் அந்த நொடியை அவர்கள் காது பிடிக்கிறதா என்று பாருங்கள். உண்டபின் காசைக் கல்லாவில் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், கல்லின் பின்னால் நிற்பவரின் பெயரைக் கேட்டு, "நன்றாக இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.